பழைய எழுத்துருவில் இருந்த நூலை ஒருங்குறிக்கு மாற்றிய அனுபவம்

நான் டி.டி.பி. (கணினியில் தட்டச்சு செய்து பக்கம் அமைக்கும்) தொழிலுக்கு வந்து 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. சென்ற ஆண்டு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், 2004ஆம் ஆண்டில் நான் தட்டச்சு செய்து பக்கம் அமைத்துக் கொடுத்த தம் கட்டுரை நூலின் கடைசிப் படியையும், அப்போது அதன் கோப்புகளைப் பதிந்து கொடுத்த குறுந்தகட்டையும் எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். இரண்டாம் பதிப்பு கொண்டுவர வேண்டும், கைப்பேசியில் படிக்கும்படி மின்னூலாகவும் வேண்டும் என்றார். “கோப்புதான் கையில் இருக்கிறதே ஐயா, இரண்டு நாளில் முடித்துவிடலாம்” என்று சொல்லி அனுப்பினேன். அந்த வேலை ஏழு வாரங்கள் பிடித்தது. இதே போன்ற குறுந்தகடுகள் இன்னும் எத்தனையோ எழுத்தாளர்கள் வீட்டிலும் அச்சகங்களிலும் இருப்பதை நான் அறிவேன் என்பதால், நடந்ததை உள்ளபடியே எழுதி வைக்க விரும்புகிறேன்.

முதலில், சிக்கல் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அக்காலத்துக் கோப்புகளில் இருப்பது தமிழே அன்று. மொத்தம் 256 இடங்கள் மட்டுமே கொண்ட எழுத்துருவில், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் அமர வேண்டிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்தால், கணினி தன் நினைவில் வைத்துக்கொள்வது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான். எழுத்துருவை நீக்கிவிட்டால் தமிழும் போய்விடும். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி இடங்களை ஒதுக்கிக்கொண்டதால், ஓர் எழுத்துருவில் அடித்ததை மற்றோர் எழுத்துருவில் படிக்கவும் முடியாது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி எந்த எழுத்துக்கு எந்த இடம் என்று வரையறுத்த டாம், டாப் என்ற இரண்டு தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 2010இல் தமிழ்நாடு அரசு, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் ஒருங்குறியையும் (யூனிகோட்), தமிழ் எழுத்துகள் அனைத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16ஐயும் தரமாக ஏற்றது. ஆனாலும் தொழிலில் இருந்த எங்களில் பலர், கை பழகிய எழுத்துருத் தொகுப்பை விட்டு வெளியே வரவில்லை. அச்சுத் தாள் நன்றாக வந்தால் வேலை முடிந்தது என்பதே அன்றைய கணக்கு.

குறுந்தகட்டில் 14 கட்டுரைகள் இருந்தன. அவற்றில் 12 மட்டுமே படியெடுக்க வந்தன. இரண்டு கோப்புகளில் வாசிப்பான் சுழன்று சுழன்று நின்றுவிட்டது. வேறு இரண்டு கணினிகளில் போட்டுப் பார்த்தும் பயனில்லை. கிடைத்தவற்றை உடனே இரண்டு இடங்களில் படியெடுத்து வைத்துக்கொண்டு, மூலத்தைத் தொடாமல் படியின் மீதே வேலை செய்தேன். இந்த ஒழுங்கை மட்டும் யாரும் விட்டுவிடக் கூடாது. பின்னால் ஒரு நாள் முழு உழைப்பும் வீணாகவிருந்தபோது என்னைக் காப்பாற்றியது அதுதான். கோப்புகள் பேஜ்மேக்கர் என்ற பக்கம் அமைக்கும் மென்பொருளில் செய்தவை. அம்மென்பொருளின் கடைசிப் பதிப்பான ஏழாம் பதிப்பு 2001இல் வந்தது, அதன் பிறகு புதியது இல்லை. இப்போது நான் பயன்படுத்தும் கணினியில் அவற்றைத் திறக்க வழியில்லாததால், மூலையில் உறை போட்டு வைத்திருந்த பழைய கணினியை எடுத்துத் துடைத்து இயக்கி, கட்டுரை கட்டுரையாக உரையை மட்டும் வெளியே எடுத்தேன்.

எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய உரையை ஒரு பெட்டியில் ஒட்டி, எந்த எழுத்துரு என்று தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினால் ஒருங்குறித் தமிழ் மறு பெட்டியில் வந்து நிற்கும். முதல் பக்கம் அப்படி வந்து நின்றபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. ஆனால் தலைப்புகளுக்கு வேறொரு எழுத்துருக் குடும்பத்தைப் பயன்படுத்தியிருந்ததால், அவை பொருளற்ற எழுத்துக் கூட்டமாக மாறியிருந்தன. இடையிடையே வந்த ஆங்கில மேற்கோள்களையும் அந்த மாற்றிக் கருவி தமிழ் என்றே எண்ணிக்கொண்டு உருமாற்றிவிட்டது. ஆகவே, எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் உள்ளது என்று பிரித்து, உடலுரைக்கு ஒரு மாற்றி, தலைப்புகளுக்கு மற்றொன்று, ஆங்கிலத்துக்கு எதுவும் இல்லை என்று மூன்றாக வகுத்துக்கொண்டு மறுபடியும் தொடங்கினேன்.

அடுத்து வந்த சிக்கல் ‘வெளி’ என்ற சொல். நூல் முழுவதும் ‘வௌியீடு’, ‘வௌ்ளம்’, ‘தௌிவு’ என்று வந்திருந்தது. காரணம் எளியது. பழைய எழுத்துருவில் ஔகாரக் குறியின் வலப் பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே வடிவம், ஒரே இடம். ஒற்றைக்கொம்பு, வகரம், ளகரம் என்று அடுத்தடுத்துக் கண்டதும் மாற்றிக் கருவி அதை ‘வௌ’ என்று முடிவு செய்து, மீந்த மேல்விலங்கை (இகரக் குறியை) அதன் தலையில் வைத்துவிடுகிறது. நான் அவசரப்பட்டு, ‘ௌ’ என்ற குறி வந்த எல்லா இடங்களிலும் ‘ெள’ என்று ஒரே கட்டளையில் மாற்றினேன். ‘வெளியீடு’ சரியாகிவிட்டது, ஆனால் மௌனமும் கௌரவமும் பௌர்ணமியும் கெட்டுப்போயின. படியிலிருந்து மீட்டு எடுத்து, பிறகு நிதானமாக யோசித்தபோதுதான் உண்மையான விதி புலப்பட்டது: ஔகாரக் குறிக்குப் பின் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ ஒட்டி வர இலக்கணத்தில் இடமே இல்லை, அப்படி வந்தால் மட்டும் அது ளகரம். அந்த விதியை மட்டும் எழுதி ஓட்டியதும் 12 கட்டுரைகளும் சீராயின.

வரி முடிவில் சொல்லை உடைக்க அன்று கையாலேயே சிறுகோடு போட்டு, அடுத்த வரிக்கு என்டர் தட்டியிருந்தோம். பக்க அளவு மாறியவுடன் அந்தக் கோடுகள் எல்லாம் வரியின் நடுவில் வந்து நின்றன. அவற்றை நீக்கச் சலிப்பூட்டும் நான்கு நாட்கள் போயின. சொல்ல வேறொன்றும் இல்லை.

இதற்குப் பின் மெய்ப்பு. ஆசிரியர் அச்சு நூலை உரக்கப் படிக்க, நான் திரையைப் பார்த்து ஒப்புநோக்கினேன். இரண்டு வாரம் மாலை வேளைகளில் அமர்ந்து முழுவதையும் முடித்தோம். பிழையே இல்லை என்று இருவரும் நம்பி, மின்னூலை அவருடைய கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தேன். அவருக்கு இப்போது நெடுநேரம் படிக்கக் கண் ஒத்துழைப்பதில்லை. ஆகவே, உரையைக் குரலாகப் படித்துக் காட்டும் வசதியைப் பேரன் இயக்கிக் கொடுத்திருக்கிறான். மறுநாளே அழைத்தார். “தம்பி, ‘அவர்கள்’ என்று வருகிற இடத்தில் எல்லாம் அந்தக் குரல் தடுக்கி விழுகிறதே, என்னவென்று பாருங்கள்” என்றார்.

நான் பார்த்தேன். ‘அவா்கள்’ என்று இருந்தது. கண்ணுக்கு அது ‘அவர்கள்’ தான். ஆனால் உள்ளே ரகரம் இல்லை. துணைக்காலும் அதன் மேல் ஒரு புள்ளியும் இருந்தன. ‘ஆசிாியர்’ என்பதிலும் அப்படியே, துணைக்காலின் மேல் மேல்விலங்கு. அன்று அந்த எழுத்துருவில் ரகரத்தின் மீது புள்ளி வைப்பதைவிடக் காலின் மீது வைத்தால் வடிவம் ஒழுங்காக விழுந்ததால், தட்டச்சு செய்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் அடித்தோம். என் கையும் அதில் உண்டு. தாளில் விழும் உருவம் ஒன்றே எங்கள் சரக்காக இருந்த நாளில் அதைப் பிழை என்று எண்ண யாருக்கும் காரணமில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து நாலு கண்கள் காணாததை ஒரு செவி ஒரே நாளில் கண்டது. தேடிப் பார்த்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள். நல்ல வேளையாக, துணைக்காலுக்குப் பின் புள்ளியோ மேல்விலங்கோ சுழியோ வர முறையே இல்லாததால், அவற்றை அச்சமின்றி ஒட்டுமொத்தமாக ரகரமாக்க முடிந்தது. அன்றிலிருந்து, எந்தக் கோப்பை மாற்றினாலும் முதல் ஐந்து பக்கங்களைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டுக் கேட்ட பிறகே மெய்ப்புக்கு அனுப்புகிறேன்.

செவிக்கும் எட்டாத ஒரு பிழை மிஞ்சியிருந்தது. மின்னூலில் ‘கொடை’ என்று தேடினால், கட்டுரைகளுக்குள் இருப்பவை கிடைத்தன. அதே சொல் உள்ள இரண்டு தலைப்புகள் கிடைக்கவில்லை. ஒருங்குறியில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு ஒன்றும் துணைக்கால் ஒன்றுமாக இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றே. உடலுரையை மாற்றிய கருவி முதல் முறையிலும், தலைப்பை மாற்றிய கருவி இரண்டாம் முறையிலும் எழுதியிருந்தன. இதைச் சீர்ப்படுத்தும் வசதி நல்ல உரைத்தொகுப்பி மென்பொருள்களிலேயே இருக்கிறது. ஒரு நிமிட வேலை. ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

குறுந்தகட்டில் மாட்டிக்கொண்ட இரண்டு கட்டுரைகளை அச்சு நூலைப் பார்த்துப் புதிதாகத் தட்டச்சு செய்தேன். பயிலகத்தில் தட்டச்சுப் பொறியில் கற்ற கை, ‘கெ’ என்றால் முதலில் கொம்பையும் பிறகு ககரத்தையும் தேடும். ஒருங்குறியோ ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னும் வைத்துக்கொள்கிறது. திரைதான் அதை இடப்புறம் வரைந்து காட்டுகிறது. இந்தச் சந்தர்ப்பத்திலேயே தமிழ்99 முறைக்கு மாறிவிடலாம் என்று முடிவு செய்தேன். முதல் வாரம் விரல்கள் கெஞ்சின. பிறகு, ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானே விழுந்து ‘க்க’ ஆகிவிடும் சுகம் தெரிந்தது. இப்போது பழைய முறையில் அடிக்கச் சொன்னால்தான் தயங்குவேன். பக்கம் அமைக்கும் மென்பொருளில் கொம்புகள் எழுத்துக்கு வலப்புறம் போய் விழுந்த சிக்கலும் ஒன்று வந்தது. பத்தி அமைப்பில், இந்திய மொழிகளைக் கையாளத் தெரிந்த வரி அடுக்கியைத் தேர்ந்தெடுத்ததும் அது நீங்கியது.

அச்சான முதல் படியை ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் நூலை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்து மூன்றாம் கட்டுரையை ஒலிக்கவிட்டார். இருவரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். ‘அவர்கள்’ வந்தது, போனது. அவர் தலையை மட்டும் அசைத்தார்.

அந்த வாரமே என் அலமாரியில் இருந்த மற்ற குறுந்தகடுகளை எடுத்தேன். மொத்தம் 43. இதுவரை 31இல் உள்ளவற்றைப் படியெடுத்துவிட்டேன். ஐந்து திறக்கவே இல்லை. அந்த ஐந்துக்கும் உரியவர்களைத் தொலைபேசியில் அழைத்து, வீட்டில் அச்சுப் படி ஒன்றாவது இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன். மூவர் இருக்கிறது என்றார்கள். பழைய கணினிக்கு மீண்டும் உறை போடவில்லை.