பிறைக் கணக்கு

ஜமாதுல் அவ்வல், பிறை 17

வாப்பாவின் தொண்டையில் குழாய் இருப்பதால் இன்றும் பேச்சில்லை.

பிறை 18

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அமர்ந்து சூஃபிக் கவிஞர் குணங்குடியாரின் பராபரக்கண்ணியை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். கண்ணிகள் தடையின்றி வந்தன. ஆனால் ஒவ்வொரு கண்ணியின் முடிவிலும் வரும் ‘பராபரமே’ என்னும் சொல்லை, வாப்பா பாடுவதைப் போலவே நானும் ‘பரா’ என்று நிறுத்தி, தாயிரா என்னும் கைப்பறையில் ஒரு தட்டு விழுந்த பிறகே ‘பரமே’ என்று முடிக்கிறேன் என்பது இன்றுதான் உறைத்தது. ஏழு வயதில் அவருடைய முழங்காலருகே அமர்ந்து கற்றது அது. எங்கள் வீட்டு நடை என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டதும் அதைத்தான். நேற்று மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இந்த நுரையீரல் நேற்றோ முந்தாநாளோ கெட்டதன்று, பல ஆண்டுகளாகவே இவருக்கு மூச்சு போதாமல் இருந்திருக்க வேண்டும் என்றார்.

அப்படியானால் நான் கற்றது நடையா, நோயா?

பிறை 20

மழை. தாயிராவின் தோல் நமத்துப்போய்விட்டது. தட்டினால் பலகையைத் தட்டியது போல இருக்கிறது.

பிறை 22

ஆறுதல் சொல்வதாக எண்ணிக்கொண்டு என் நானா, அதாவது அண்ணன், கவ்வாலிப் பாடகர் நுஸ்ரத் பதேஹ் அலி கானின் கதையைச் சொன்னார். 1964இல் தந்தை இறந்தபோது அவருக்குப் பதினாறு வயதாம். நாற்பதாம் நாள் நிகழ்ச்சியில்தான் முதன்முதலாக அவையில் பாடினாராம். அந்தக் கதை எனக்கும் தெரியும். நாற்பது என்ற எண்ணை இந்தத் தாழ்வாரத்தில் யாரும் உச்சரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, தேநீர் கூடக் குடிக்காமல் நெடுநேரம் நின்றேன்.

பிறை 24

பாட்டனார் பாடிய ஒலிநாடா உம்மாவின் பெட்டியில் கிடைத்தது. அதை ஓட்டும் கருவியைத் தேடி மூன்று வீடுகள் ஏறி இறங்கினேன். நாடா இழுபட்டிருப்பதால் குரல் நீரடியிலிருந்து வருவது போல ஒலிக்கிறது. இருந்தும் ஐயமில்லை: பாட்டனார் ‘பராபரமே’யை உடைக்கவே இல்லை, ஒரே மூச்சில் இழுத்து முடிக்கிறார்.

அதன்பின் இரவு முழுவதும் உறங்கவில்லை. 1838இல் மறைந்த ஒருவருடைய பாட்டு, எழுத்தில் இருப்பதோடு எங்களைப் போன்றவர்களின் தொண்டையிலும் இருக்கிறது என்று சொல்லித்தான் இந்தத் தாயிராவைத் தூக்கிக்கொண்டு நாகூர் தர்கா வாசலில் அமர்கிறோம். அந்தத் தொண்டையில் எது சரக்கு, எது சளி என்று பிரித்தறியத் தெரியாதவன் எதைப் பாதுகாத்துவிட்டான்?

பிறை 25

வாப்பாவின் விரல்கள் கட்டிலின் இரும்புக் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தன. எண்ணிப் பார்த்தேன். அந்த இடைத்தட்டும் இருந்தது.

பிறை 27

நாடாவின் மறுபக்கத்தை இன்றுதான் கேட்டேன். அதில் பாட்டனாரோடு சேர்ந்து ஒரு சிறுவனின் குரல் வருகிறது. வாப்பாவுக்கு அப்போது பத்து வயதிருக்கும் என்கிறார் உம்மா. சிறுவன் ‘பரா’ வரை பாட்டனாரோடு ஓடிவந்து, அங்கே நின்றுவிடுகிறான். பாட்டனாரும் அவனுக்காக நிற்கிறார். வெற்றிடம் தெரியாமலிருக்கத் தாயிராவில் ஒரே ஒரு தட்டு. பிறகு இருவருமாக ‘பரமே’. இரண்டாம் கண்ணியிலும் அப்படியே. அந்த இடத்தைப் பதினொரு முறை திருப்பிக் கேட்டேன். பன்னிரண்டாம் முறை நாடா சிக்கிக்கொண்டது.

பிறை 29

பிறை தெரிந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவத் தேர்களோடு கந்தூரி விழாவின் கொடி ஊர்வலம் வந்து, தர்காவின் ஐந்து மினாராக்களிலும் கொடி ஏறியது. தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த பெரிய மினாரா 131 அடி. ஆண்டுதோறும் அதன் உச்சியைப் பார்க்க வாப்பா என் தலையைப் பின்னுக்குத் தள்ளிப் பிடிப்பார். இன்று யாரும் பிடிக்காததால் கழுத்து வலிக்கும் வரை நானே பார்த்தேன்.

ஜமாதுல் ஆகிர், பிறை 4

வாப்பாவின் இடத்தில் அமர்ந்தேன். வந்தவர்களில் பாதிப்பேர் நாகூர் ஹனிபாவின் பாட்டைத்தான் கேட்டார்கள். குறையாகச் சொல்லவில்லை, அந்தக் கம்பீரக் குரலைக் கேட்டு வளர்ந்த ஊர் வேறு எதைக் கேட்கும்? ஆனாலும் ஒரு முதியவர் கண்ணி பாடச் சொன்னார். பாடினேன். நிறுத்தாமல், பாட்டனாரைப் போல ஒரே மூச்சில் இழுத்துப் பாடினேன். என்னால் முடிகிறது, நுரையீரல் நன்றாகத்தான் இருக்கிறது. உடன் தாயிரா தட்டிய பெரியவரோ வழக்கப்படி இடையில் தட்டைப் போட்டுவிட்டு, என் குரல் அதன்மேல் ஏறிப் போவதைக் கண்டு திகைத்தார். “தம்பி, வாப்பாவிடமா கற்றீர்கள்?” என்று மட்டும் கேட்டார்.

பிறை 7

குழாயை எடுத்துவிட்டார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுவது என்று போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், காற்றாகக் கரகரத்த குரலில், “தோலைத் தணலில் காட்டினாயா?” என்றார்.

காட்டவில்லை.

பிறை 9

நாளை இரவு சந்தனக்கூடு. வாப்பா சொன்னபடி தணலிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துச் சுற்றிச் சுற்றிக் காட்டினேன். விளிம்பு இறுகிவிட்டது. நடுப்பகுதி இன்னும் காயவில்லை.