ஊன்றுகோலோடு வந்த பையன்

போன சனிக்கிழமை மத்தியானம் கொழும்பு கிராண்ட்பாஸ் பகுதிப் பையன் ஒருவன் ஊன்றுகோலோடு புறக்கோட்டையில் எங்கள் கடைக்கு வந்தான். கால் முறிந்து இரண்டு மாதமாம். பையிலிருந்து தன் உதைபந்தாட்டச் சப்பாத்தை எடுத்து, "இதை எடுப்பீங்களா அண்ணா? இனி எனக்குத் தேவையில்லை" என்றான்.

எனக்கும் 23 வயதில் கால் முறிந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். அப்போது விளையாடிய கழகத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கட்டோடு கிடந்த நாட்களில்தான் இங்கிலாந்து உதைபந்தாட்ட வீரர் டேவ் வீலனைப் பற்றி வாசித்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் கதையைப் பையனுக்குச் சொன்னேன்.

1960 மே 7, லண்டன் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தின் எப்.ஏ. கிண்ண இறுதி. பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்தின் பின்கள வீரர் வீலன். அவருக்கும் அப்போது 23 வயதுதான். வுல்வ்ஸ் அணிக்கு எதிராக, இடைவேளைக்குச் சற்று முன் கால் முறிந்தது. மாற்று வீரர் என்ற பேச்சே அந்தக் காலத்தில் இல்லை. மிச்சப் பத்துப் பேரும் ஆடி 3-0 எனத் தோற்றார்கள்.

நட்டஈடாக அவர் கைக்கு வந்தது 400 பவுண். ஒரு வீரருக்கு வாரம் 20 பவுணுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று இருந்த காலம் அது. ஆக, இருபது வாரச் சம்பளம். அதை வைத்து பிளாக்பர்ன் சந்தையில் ஒரு கடை போட்டார்.

இந்த இடத்தில்தான் எனக்கு மனம் நிற்கும். கட்டு அவிழ்த்த கையோடு நான் மாமாவின் கடைக்கு வந்தபோது அவர் சொன்னது: "தம்பி, புறக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு விற்கிற சாமான் ஒன்றும் இல்லை." காலை எட்டு மணியிலிருந்து நின்றபடி ஆட்களைக் கூப்பிட வேண்டும். பின்னேரம் ஆனால் முறிந்த இடம் விண்விண் என்று வலிக்கும். வீலனுக்கும் அப்படித்தான் வலித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு வீலன் குரூ அலெக்சாண்ட்ரா கழகத்துக்காகக் கீழ்ப் பிரிவில் சில வருடம் ஆடினார். சந்தைக் கடை சுப்பர்மார்க்கெட்டுகளாக வளர்ந்தது. 1978இல் அவற்றை மொரிசன்ஸ் என்ற சுப்பர்மார்க்கெட் நிறுவனத்துக்கு 15 இலட்சம் பவுணுக்கு விற்றார். விகன் நகரில் ஒரு சின்ன விளையாட்டுப் பொருள் கடையை வாங்கி, ஜே.ஜே.பி. ஸ்போர்ட்ஸ் என்று நாடு முழுக்கப் பரப்பினார். 1995இல், லீக்கின் கடைசிப் பிரிவில் கிடந்த விகன் அத்லெட்டிக் கழகத்தை வாங்கினார். பத்தே வருடத்தில், 2005இல், அது இங்கிலாந்தின் மேல் பிரிவான பிரீமியர் லீக் போனது.

2013 மே 11 இரவு, கடை பூட்டி வந்து மாமாவும் நானும் எப்.ஏ. கிண்ண இறுதி பார்த்தோம். அதே வெம்பிளி. 76 வயது வீலன் விகன் அணியை மைதானத்துக்குள் கூட்டி வந்தார். எதிரே மன்செஸ்டர் சிற்றி. 91ஆவது நிமிடத்தில் பென் வாட்சன் தலையால் அடித்த கோல், 1-0. வாட்சன் மாற்று வீரராக வந்தவர். அவருக்கும் அந்தப் பருவத்தில்தான் கால் முறிந்திருந்தது. மாமா ஒன்றும் பேசாமல் என் காலைத் தட்டினார்.

மூன்று நாளில் விகன் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. அதையும் பையனிடம் மறைக்கவில்லை.

கோடிக் கணக்கைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. "வாட்சனுக்கு எப்ப முறிஞ்சது அண்ணா?"

"நவம்பர்."

விரல் விட்டு மே மாதம் வரை எண்ணினான். சப்பாத்தைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினான்.