ரெண்டும்தாம்மா

"சார், நாங்க இங்க விக்க வந்திருக்கோமா, சொல்லிக்கொடுக்க வந்திருக்கோமா?"

பாண்டிச்சேரியிலிருந்து வந்த அந்தப் பெண் கேட்டாள். "ரெண்டும்தாம்மா" என்றேன். அவளைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன். ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது, அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது.

எங்கள் பிளான்ட் பம்ப்களில் அதிர்வு சென்சார் மாட்டி, பழுது வருகிறதா என்று மூன்று மாதம் இலவசமாகப் பார்த்துத் தருகிறோம் என்று வந்தார்கள், அவளும் ஒரு பையனும். இலவசம் என்பதால் பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) வேண்டாம், பர்ச்சேஸ் கையெழுத்து வேண்டாம். கேட் பாஸ் மட்டும் போதும். தினமும் பைக்கில் கடலூர் முதுநகர் தாண்டி சிப்காட் வரை வந்து போனார்கள்.

ஒருநாள் அந்தப் பையன் எங்கள் கன்ட்ரோல் ரூம் போர்டில் வரைந்து காட்டினான். மொத்த அதிர்வு ஏறட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் பேரிங் பாதி போயிருக்கும், ஆரம்பச் சேதம் அதிக அதிர்வெண்ணில்தான் முதலில் தெரியும் என்றான். அது எனக்கும் தெரியும். அடுத்துச் சொன்னதுதான் புதிது. "மூலப்பொருள் சார்ஜ் போகும்போது எடுத்த ரீடிங்கை, சும்மா ஓடும்போது எடுத்த ரீடிங்கோட ஒப்பிடாதீங்க சார். அதே பம்ப், அதே லோடு, போன வாரத்து ரீடிங். அதோட ஒப்பிடுங்க." தொடர்ச்சியாக இல்லாமல் தவணை தவணையாகத் தயாரிக்கும் பேட்ச் பிளான்ட்டில் லோடு மாறிக்கொண்டே இருக்கும். எங்கள் பொய் அலாரங்களுக்கு அதுதான் காரணம் என்று இருபது நிமிஷத்தில் புரிந்துவிட்டது. போர்டை போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஏழாவது வாரம், இரண்டாவது பம்பைத் திறக்கச் சொன்னார்கள். பேரிங்கின் வெளி வளையத்தில் கடுகளவு குழி. விரலால் தடவினால்தான் தெரிந்தது.

மூன்று மாதம் முடிந்ததும்தான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். எங்களுக்கு விற்க வெண்டராகப் பதிவு செய்ய வேண்டும், அந்த ரெஜிஸ்ட்ரேஷனுக்கு மூன்று வருஷ பேலன்ஸ் ஷீட் வேண்டும். அவர்கள் கம்பெனிக்கு வயது பதினாலு மாதம். ஸ்டார்ட்அப் என்று அங்கீகாரம் பெற்றவர்களுக்கு அரசு டெண்டர்களில் முன் அனுபவம், டர்ன்ஓவர் நிபந்தனைகளைத் தளர்த்த இடம் இருக்கிறது. தனியார் கம்பெனி விதியை நான் மாற்ற முடியுமா? பர்ச்சேஸுக்கு ஒரு நோட் எழுதினேன், திரும்பி வந்தது. இரண்டாவது நோட் எழுதவில்லை. ஷட்டவுன் வேலை தலைக்கு மேல் இருந்தது என்பது உண்மைதான். எழுதியிருக்கலாம் என்பதும் உண்மை.

அதற்குள் எங்கள் இன்ஸ்ட்ருமென்ட் ஆட்கள், ஏற்கெனவே இருந்த சென்சார்களை வைத்து அதே ஒப்பீட்டை அமைத்துவிட்டார்கள். யாருடைய மென்பொருளையும் எடுக்கவில்லை. ஒரு யோசனையைக் கற்றுக்கொண்டோம், அது திருட்டாகுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கற்றதற்கு நாங்கள் என்ன கொடுத்தோம்? கேன்டீன் சாப்பாடு.

சிறு தொழில்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்று 2006-ல் வந்த சட்டமே சொல்கிறது. பில் இருந்தால்தானே சட்டம் வரும்? இலவசமாகச் செய்தவர்களுக்கு எந்த 45 நாள்? ஜெர்மனியில் பிஎம்டபிள்யூ 2015-ல் தொடங்கிய ஸ்டார்ட்அப் கராஜில், இளம் நிறுவனத்தின் பங்கை வாங்குவதில்லை. அதன் பொருளை முதல் வாடிக்கையாளராகக் காசு கொடுத்து வாங்கிப் பார்க்கிறார்கள். இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. சின்னத் தொகைக்கு ஒரு பி.ஓ. போட்டு ஆரம்பித்திருந்தால் அவள் அப்படிக் கேட்டிருக்கவே மாட்டாள்.

இனி பி.ஓ. இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை என்று முடிவு செய்தேன். போன வாரம் இன்னொரு குழு வந்தது. வால்வ் கசிவைக் கண்டுபிடிப்பார்களாம். என் வாயில் முதலில் வந்தது, "ஒரு டெமோ காட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்."

அடுத்த மாதம் ஹெட் ஆபீஸில் இந்த பம்ப் விஷயத்தைப் பற்றி நான் பேச வேண்டும். முதல் ஸ்லைடில் அந்த போர்டு போட்டோவை வைத்திருக்கிறேன். கையெழுத்து அந்தப் பையனுடையது. இரண்டு பேர் பெயரையும் கீழே போட்டிருக்கிறேன். அவளுக்கு போன் செய்து இதைச் சொல்ல வேண்டும். இன்னும் செய்யவில்லை.