குடை ராட்டினத்தில் ஒரு தெளிவான முகம்

ஹாங்காங் டிஸ்னிலேண்டில் இரண்டு நாள்களில் நான் எடுத்த 640 படங்களில், எதற்காக அந்தக் கேமராவைக் கழுத்து வலிக்கச் சுமந்து திரிந்தேனோ அதற்குத் தேறியவை மூன்று. மூன்றுதான் என்றாலும் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். குடை ராட்டினத்தில் சுற்றிவரும் என் மகளின் முகம் மட்டும் துல்லியமாக நிற்க, பின்னணி முழுவதும் வண்ணக் கோடுகளாக இழுபட வேண்டும் என்று ஓராண்டாக முயன்று தோற்றுக்கொண்டிருந்தவன் நான். நகரும் பொருளோடு கேமராவையும் சேர்த்துத் திருப்பி எடுக்கும் பானிங்கின் அடிப்படைகள் உங்களுக்குத் தெரிந்தவையே என்பதால், என்னை இத்தனை நாள் அலைக்கழித்த இடத்திற்கு நேராக வந்துவிடுகிறேன்.

பயிற்சியெல்லாம் மெரினாவில், ஆளே கையால் தள்ளிச் சுற்றும் சிறிய குதிரை ராட்டினத்தில் நடந்தது. அதன் ஆரம் ஏறக்குறைய இரண்டு மீட்டர். ஒரு சுற்றுக்கு ஆறு விநாடி. அப்படியானால் குதிரை விநாடிக்கு இரண்டு மீட்டர் நகர்கிறது. ஷட்டர் திறந்திருக்கும் 1/25 விநாடியில் அது எட்டு சென்டிமீட்டர், அதாவது ஒரு குழந்தை முகத்தின் பாதி அகலத்திற்கு மேல். மாலை நான்கு மணி வெயிலில் ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருந்தால் ஒளி மிதமிஞ்சிவிடும் என்பதால், அபர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, எஃப்/22-க்கும் அப்பால் இறுக்க வேண்டியிருந்தது. அவ்வளவு இறுக்கினால் கூர்மை மழுங்குவதோடு, சென்சாரில் படிந்திருக்கும் தூசியெல்லாம் வானத்தில் கரும்புள்ளிகளாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

ஆகவே ஒளியைக் குறைக்க, சுழற்றிக் கூட்டிக் குறைக்கும் வகை என்.டி. ஃபில்டர் ஒன்றை வாங்கினேன். வாங்கிய கடையின் பெயர் வேண்டாம். "இதில் எந்தக் குறையும் வராது சார்" என்று அடித்துச் சொல்லி விற்றார்கள். அதிகபட்ச அளவுக்குத் திருப்பியதும் படத்தின் குறுக்கே பெருக்கல் குறிபோல ஒரு கருநிழல் விழுந்தது. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் கண்ணாடிகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செய்த பொருளின் இயல்பு அது. அகன்ற கோண லென்ஸில் இன்னும் மோசமாகத் தெரியும் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கியது என் பிழைதான். பிறகு மூன்று ஸ்டாப் மட்டும், அதாவது ஒளியை எட்டில் ஒரு பங்காக, குறைக்கும் சாதாரண என்.டி.8 ஒன்றை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் புத்தி வந்தது: குடை ராட்டினத்திற்குக் குடை இருக்கிறது! மெரினா ராட்டினத்திற்குக் கூரை இல்லாததால் வெயிலைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். கோட்டைக்குப் பின்னால் இருக்கும் சிண்டரெல்லா ராட்டினத்தில் பட்டப்பகலிலும் குதிரைகள் நிழலில்தான் ஓடுகின்றன, சென்சாரின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ. 100, 1/25 விநாடி, எஃப்/11 என்று ஃபில்டர் எதுவுமின்றியே கணக்குச் சரியாக வந்தது. இரண்டு ஃபில்டர்களுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி வீட்டில் இதுவரை யாரும் கேட்கவில்லை.

2023 நவம்பரில் திறந்த ஃப்ரோஸன் பகுதியை நோக்கிக் கூட்டம் போய்விட்டதால், முதல் நாள் பிற்பகலில் இங்கே வரிசை நீளமாக இல்லை. மகள் ஏழு முறை ஏறினாள், நான் ஏழு முறையும் எடுத்தேன், ஒன்றுகூடத் தேறவில்லை. அன்றைக்குச் சிரமமில்லாமல் வந்தது காலையில் சன்னி பே நிலையத்திலிருந்து வரும் ரயிலில், மிக்கி தலை வடிவச் சன்னலோரம் அவளை நிழலுருவாக எடுத்த படம் மட்டுமே. அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

இரவு விடுதியில் மடிக்கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோது விசித்திரமான ஒன்று கண்ணில் பட்டது. கலங்கல் இடம் வலமாக இல்லை. மேல் கீழாக இருந்தது. ஒரே கண்ணுக்கு மேல் இரண்டு புருவங்கள். என் இடுப்புத் திருப்பம் குதிரையின் வேகத்தோடு ஒத்துப்போயிருக்கிறது. குதிரை ஏறி இறங்குவதைத்தான் நான் கணக்கில் எடுக்கவில்லை. மெரினாக் குதிரைகள் சட்டத்தோடு இறுக்கி முடுக்கியவை, அசையாதவை. அவற்றில் எத்தனை மாதம் பழகியிருந்தாலும் இது தெரிந்திருக்காது.

யோசித்துப் பார்த்தால் இரண்டு நிபந்தனைகள் ஒரே கணத்தில் கூட வேண்டும். வட்டப் பாதையில் குதிரை நமக்கு மிக அருகே வரும் புள்ளியில்தான் முகம் சுத்தமாகப் பக்கவாட்டில் நகர்கிறது. அதற்கு முன் நம்மை நெருங்கியும் பின் விலகியும் போவதால் ஃபோகஸும் நழுவும், முகத்தின் கோணமும் மாறும். அதே கணத்தில் குதிரை தன் ஏற்றத்தின் உச்சியிலோ இறக்கத்தின் அடியிலோ இருக்க வேண்டும், ஏனெனில் அங்கேதான் மேல்கீழ் அசைவு ஒரு நொடிப்பொழுது ஓய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் குதிரை வேறொரு உயரத்தில் என் முன் வந்ததால், ஒரு சவாரியில் இந்த இரண்டும் கூடியது ஒருமுறையோ இருமுறையோதான்.

இரண்டாம் நாள் சரமாரியாகச் சுடுவதை நிறுத்தினேன். ஃபோகஸை அந்தப் புள்ளிக்குப் பூட்டிவிட்டு, குதிரை உச்சியில் வரும் சுற்றுக்காகக் காத்திருந்தேன். குதிரை போகும் திசையில் எனக்கு இரண்டடி முன்னால் மனைவியை நிறுத்தியதால், மகள் அம்மாவைப் பார்க்கத் திரும்பும்போது முகம் பக்கவாட்டிலிருந்து கேமரா பக்கம் வந்தது. டிசம்பரில் அங்கே ஐந்தே முக்கால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. விளக்குகள் எரிந்து, வானத்தில் நீலம் மிச்சமிருந்த அந்தக் கால் மணி நேரத்தில், ஐ.எஸ்.ஓ. 800, எஃப்/4, 1/30 விநாடியில் மூன்றும் விழுந்தன. எதிர்ப்பக்கக் குதிரைகள் எதிர்த்திசையில் ஓடுவதால் அவற்றின் கோடுகள் நடுத்தூணின் கோடுகளைவிட நீளமாக இழுபட்டிருக்கின்றன. முகத்திலோ முன்பல் விழுந்த இடைவெளிகூடத் தெளிவாகத் தெரிகிறது.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் காட்டினேன். "பின்னால எல்லாம் ஏன்டா இப்படிக் கலங்கியிருக்கு? அவ்வளவு செலவு பண்ணிப் போன ஊரு எங்க தெரியுது?" என்றார். பதில் சொல்லவில்லை.

மஞ்சள் விளக்கில் முகம் ஆரஞ்சு நிறமாகிவிட்டதை, கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் ரா கோப்பில் சரிசெய்யும் வேலை இன்னும் பாதியில் நிற்கிறது. ஒரு படத்தில் தோல் நிறம் சரியானால் குதிரையின் வெள்ளை நீலம் பாய்கிறது. அதற்குள் பொங்கலை ஒட்டித் தீவுத்திடலில் பொருட்காட்சி வந்துவிடும். ராட்சத ராட்டினத்தை நான்கு விநாடி ஷட்டரில் எடுக்க முக்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன்; அந்த என்.டி.8 அங்கேயும் தேவைப்படாது என்றுதான் தோன்றுகிறது.