முறை வைத்து வாழும் நாடு

சுவீடனில் ஏதாவது ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்கிப் போனால் அங்கே ஒரு பொது அறை இருக்கும். இரண்டு துவைக்கும் இயந்திரங்கள், ஓர் உலர்த்தி, துணிகளைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினால் சூடான காற்று அடிக்கும் உயரமான அலமாரி ஒன்று. கட்டடத்தில் இருபது வீடு இருந்தாலும் எல்லோருக்கும் இதுதான். 'த்வெட்ஸ்டூகா' என்பார்கள். சுவீடியர்களைத் தெரிந்துகொள்ள அரண்மனையை விட இந்த அறை நல்ல இடம்.

சுவரில் தேதியும் நேரமும் கட்டம் கட்டமாகக் குறித்த பலகை இருக்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் வீட்டு எண் பொறித்த ஒரு குட்டிப் பூட்டு. வேண்டிய கட்டத்தின் துளையில் அதைச் செருகித் திருகிவிட்டால் அந்த மூன்று நான்கு மணி நேரம் நமக்கு. இப்போது பல கட்டடங்களில் தொடுதிரையும் செயலியும் வந்துவிட்டன. விதி மட்டும் மாறவில்லை. முறை தொடங்கி அரை மணி நேரத்துக்குள் இயந்திரத்தை ஓட்டாவிட்டால் வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம் என்பது பல இடங்களில் எழுதியே ஒட்டியிருக்கும். முடிந்ததும் உலர்த்தியின் வடிகட்டியில் சேர்ந்த பஞ்சை உரித்தெடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் காற்றோட்டம் அடைபட்டு அடுத்தவருடைய துணி காயாது, தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. சோப்புத் தட்டைத் துடைத்து, தரையைத் துடைத்து, நேரம் முடியும் முன்பே வெளியேறிவிட வேண்டும்.

புதிதாகக் குடிவருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைப்பார்கள். யாரும் கதவைத் தட்டிச் சண்டை போடமாட்டார்கள். மறுநாள் சுவரில் ஒரு துண்டுக் காகிதம் இருக்கும்: பெயர் இல்லாமல், மரியாதையான சொற்களில், கடுங்கோபத்தோடு. அதற்கென்றே 'கோபச் சீட்டு' என்று பொருள்படும் சொல் சுவீடிய மொழியில் இருக்கிறது.

தமிழில் 'முறை' என்றால் ஒழுங்கும்தான், நமக்கு வரும் வாய்ப்பும்தான். சுவீடிய வாழ்க்கை இந்த இரண்டு பொருளிலும் முறை வைத்து ஓடுகிறது. மருந்துக் கடையானாலும் வங்கியானாலும் உள்ளே நுழைந்ததும் எண் சீட்டைக் கிழித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். சீட்டு எடுக்காமல் நேராக ஊழியரிடம் போனால், எவ்வளவு பணிவாகப் பேசினாலும் அது முறைகேடு.

நாடு பெரியது, மக்கள் குறைவு. பரப்பு சுமார் 4.5 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை ஒரு கோடியே சில லட்சம். நிலத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காடு. தென்கோடிக்கும் வடகோடிக்கும் சுமார் 1,570 கிலோமீட்டர் தூரம். தலைநகர் ஸ்டாக்ஹோம் 14 தீவுகளின் மேல் நிற்கிறது. வடக்கே 'சாமி' எனப்படும் பழங்குடி மக்களின் நிலம்; அவர்களுடைய நாடாளுமன்றம் 1993 முதல் கிரூனா நகரில் இயங்குகிறது. அதே கிரூனா, அடியில் இரும்புச் சுரங்கம் விரிந்துகொண்டே போவதால், ஊரோடு இடம் பெயர்ந்துகொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் அங்கிருந்த பெரிய மரத் தேவாலயத்தைப் பிரிக்காமல் முழுதாகவே சக்கரங்களில் ஏற்றி ஐந்து கிலோமீட்டர் நகர்த்தினார்கள்.

இவ்வளவு ஒழுங்கு பார்க்கும் சமூகத்தில் அழைக்கும் முறை மட்டும் ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமை. மருத்துவர், பேராசிரியர், மேலதிகாரி என எல்லோருமே 'டூ', அதாவது 'நீ'. பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அரச குடும்பம் மட்டும் விலக்கு. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1960கள் வரை எதிரே நிற்பவரையே படர்க்கையில், பதவிப் பெயரோடு கேட்பார்கள்: "இயக்குநர் காபி குடிக்கிறாரா?" நம் ஊரில் "அண்ணன் சாப்பிட்டாச்சா?" என்று கேட்பது போலத்தான். ஆனால் அங்கே பதவி தெரியாவிட்டால் வாக்கியமே எழும்பாது. 'நி', அதாவது 'நீங்கள்' என்ற பன்மைச் சொல் இருந்தும், பட்டமில்லாதவரை அழைக்கும் தாழ்ந்த சொல்லாக அது ஒலித்ததால் பலர் தவிர்த்தார்கள். 1967இல் நாட்டின் மருத்துவ நிர்வாகத் தலைமைக்கு வந்த ப்ரூர் ரெக்செட், ஊழியர்கள் எல்லோரையும் 'டூ' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்த வழக்கம் அதன்பின் நாடு முழுக்க நிலைத்தது. அதே 1967, செப்டம்பர் 3 அதிகாலையில்தான் வாகனங்கள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின.

குடியேற வருபவருக்கு முதல் வேலை 'பெர்சோன்நும்மர்' வாங்குவது. 1947 முதல் இருக்கும் தனி அடையாள எண் இது: பிறந்த ஆண்டு, மாதம், நாள், பின்னால் நான்கு இலக்கங்கள். கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. அதைத் தருவது வரித் துறை. ஓராண்டாவது தங்கும் திட்டம் இருக்க வேண்டும். எண் வந்தபின் அடையாள அட்டை, அதன்பின் வங்கிக் கணக்கு, அதன்பின் 'பேங்க்ஐடி' என்ற மின் அடையாளம். வரிசை மாறாது. பேங்க்ஐடி இல்லாமல் மருத்துவரிடம் இணையத்தில் நேரம் வாங்குவதுகூடச் சிரமம். குடும்பத்தோடு வருபவர்கள் திருமணச் சான்றிதழையும், பெற்றோர் பெயர் உள்ள குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இவை இல்லாவிட்டால் பதிவு இழுத்தடிக்கும்.

இந்த எண்ணைச் சுற்றி அரசிடம் இத்தனை விவரம் குவிந்தும் மக்கள் மிரளாததற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. 1766இல் இயற்றிய அச்சுச் சுதந்திரச் சட்டமே அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கும் உரிமையைத் தந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரின் வரிக்குரிய வருமானம் எவ்வளவு என்றுகூட வரித் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எனக்கு இந்நாட்டில் மிக உயர்ந்ததாகப் படுவது 'அல்லெமான்ஸ்ரெட்டன்', எல்லோருக்குமான உரிமை. காடு யாருடைய சொத்தாக இருந்தாலும் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், ஏரியில் நீந்தலாம், ஓரிரு இரவு கூடாரம் போடலாம், பழம் பறிக்கலாம். 1994 முதல் அரசியலமைப்பிலேயே இதற்கு இடமுண்டு. நிபந்தனை இரண்டு: தொந்தரவு செய்யாதே, அழிக்காதே. வீட்டைச் சுற்றிய முற்றத்திலும் பயிர் நிற்கும் வயலிலும் கால் வைக்கக்கூடாது. உயிருள்ள மரத்தில் கிளை ஒடிக்கக்கூடாது. வழவழப்பான பாறை மேல் தீ மூட்டக்கூடாது. சூட்டில் பாறை பிளந்துவிடும், அந்தத் தழும்பு ஆறவே ஆறாது. கோடையில் காடு காய்ந்தால் தீத் தடை அறிவிப்பார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். நாயை மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 20 வரை காட்டு விலங்குகளைத் துரத்த முடியாதபடி கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் புளூபெர்ரி. அதன்பின் செப்டம்பர் வரை 'லிங்கன்பெர்ரி' என்ற சிறிய சிவப்புப் பழம். சீப்பு போன்ற பற்கள் வைத்த கைப்பிடிப் பெட்டியால் செடியை வாரினால் பழம் உள்ளே விழும், இலை பெரும்பாலும் நழுவிவிடும். மஞ்சள் நிறக் காந்தரெல் காளானும் நிறையக் கிடைக்கும். ஆனால் வெள்ளைக் காளானைப் புதியவர்கள் தொடவே வேண்டாம். கடையில் விற்பது போலவே இருக்கும் ஒரு வெள்ளைக் காளான் கல்லீரலைக் கெடுத்து உயிரையே வாங்கிவிடும்.

குளிரைப் பற்றிச் சுருக்கமாக: டிசம்பர் கடைசியில் ஸ்டாக்ஹோமில் பகல் ஆறு மணி நேரம்தான். உடலை ஒட்டி கம்பளி உள்ளாடை போடுங்கள், பருத்தி வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலைக் குளிரச் செய்துவிடும். இருட்டில் நடக்க மேலங்கியில் ஒளி திருப்பும் பட்டை அவசியம்.

பேச்சில் சிக்கனமானவர்கள் என்பது உண்மை. வடக்கே சிலர் 'ஆம்' என்பதற்கு வாய்கூடத் திறப்பதில்லை. உதட்டைக் குவித்துச் சட்டென்று மூச்சை உள்ளிழுப்பார்கள், அவ்வளவுதான். கோபமோ அதிர்ச்சியோ என்று பயப்பட வேண்டாம், அதுவே சம்மதம். அந்த மௌனம் இளகுவது 'ஃபீகா' நேரத்தில்: காபி, ஏலக்காய் மணக்கும் இலவங்கப்பட்டை ரொட்டி, கால் மணி நேரம். பழைய 'காஃபி' என்ற சொல்லை அசை மாற்றிப் போட்டதே 'ஃபீகா'. அலுவலகத்தில் அதைத் தட்டிக்கழித்துவிட்டு மேசையிலேயே உட்கார்ந்திருப்பவரை உழைப்பாளி என்று மெச்சமாட்டார்கள். ஒட்டாதவர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டுக்கு அழைத்தால் ஏழு மணி என்பது ஏழு மணிதான், ஆறே முக்காலும் அல்ல. செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். இது நமக்குப் புதிதில்லை. பூவோ சாக்லேட்டோ போதும். விருந்து முடிந்து சில நாள் கழித்து அவர்களைப் பார்க்கும்போது முதல் சொல்லாக "டாக் ஃபோர் செனஸ்ட்" என்று சொல்லுங்கள்: சென்ற முறைக்கு நன்றி. அடுத்த விருந்து உங்கள் வீட்டில்.