கேஸ் வகுப்புக்கு முந்தைய இரவு: எதைப் படிப்பது, எதைக் கணக்கிடுவது

அமெரிக்காவில் கேஸ் முறையில், அதாவது ஒரு கம்பெனியின் நிலவரத்தைச் சொல்லும் 'கேஸ்' (case) ஒன்றைக் கொடுத்து வகுப்பில் விவாதிக்க வைத்து, பாடம் நடத்தும் எம்.பி.ஏ. பள்ளிகளில், பல பாடங்களின் கிரேடில் ஏறக்குறைய பாதி வகுப்பில் பேசியதற்குத்தான். பிளஸ் டூவிலிருந்து இன்ஜினீயரிங் முடியும்வரை வாய் திறக்காமலே ரேங்க் வாங்கி வந்தவர்களுக்கு இது முதல் மாதத்திலேயே உறைக்கும். ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு, உச்சரிப்பைச் சரிசெய்ய யூடியூப் பக்கம் போய்விடுவார்கள். பெரும்பாலும் கோளாறு ஆங்கிலத்தில் இல்லை, முந்தைய இரவு கேஸைப் படித்த விதத்தில்.

இந்த முறை சட்டக் கல்லூரியிலிருந்து வந்தது. ஹார்வர்ட் சட்டப் பள்ளியில் 1870-ல் லாங்டெல், விதிகளைச் சொல்லித்தருவதை விட்டுவிட்டு, தீர்ப்புகளைக் கொடுத்து மாணவர்களைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார். 1908-ல் தொடங்கிய ஹார்வர்ட் பிசினஸ் ஸ்கூலுக்கு 1919-ல் டீனாக வந்த வாலஸ் டோனம் அந்தச் சட்டப் பள்ளியில் படித்தவர். தீர்ப்புக்குப் பதில் கம்பெனிகளின் நிலவரத்தை வைத்து, அதே பாணியை வியாபாரப் படிப்புக்குக் கொண்டுவந்தார். கேஸ் வகுப்பு இன்றும் குறுக்கு விசாரணை மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான். பேராசிரியர் உங்கள் பதிலைக் கேட்டுவிட்டு 'சரி' என்றோ 'தப்பு' என்றோ சொல்ல மாட்டார். "அந்த எண் எங்கிருந்து வந்தது?" என்பார். எண் இல்லாமல் போனவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

ஒரு கேஸ் என்பது 15 முதல் 25 பக்கம். பாதி கதை, பாதி பின்னால் இருக்கும் எக்ஸிபிட்கள், அதாவது எண்கள் நிறைந்த அட்டவணைகள். ஒரே நாளில் இரண்டு, சில நாள் மூன்று வரும். ஒரு கேஸுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கினால் மறுநாள் தூங்கி வழிவீர்கள். அந்த இரண்டு மணி நேரத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஹைலைட்டரால் மஞ்சள் பூசிக்கொண்டே போய்ச் செலவழிப்பதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தவறு. பாடப்புத்தகத்தை அப்படிப் படிக்கலாம், கேஸைப் படிக்கக் கூடாது.

முதலில் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் படியுங்கள். யார் முடிவெடுக்க வேண்டும், எந்தத் தேதிக்குள், என்னென்ன வழிகள் என்பது அந்த இரண்டில்தான் இருக்கும். அடுத்து எக்ஸிபிட்களுக்குப் போய், கதை சொல்லும் ஆளின் கண் வழியாக இல்லாமல் எண்களை நேரடியாகப் பாருங்கள். இதற்கு இருபது நிமிடம். அதன் பிறகு நடுப்பகுதியைப் படித்தால், எந்த வரி வேண்டும், எது அலங்காரம் என்பது தானாகப் பிரிந்துவிடும். நிறுவனர் கேரேஜில் ஆரம்பித்த கதை இரண்டு பக்கம் வரும். அதைத் தாண்டிப் போனால் குற்றமில்லை. ஆனால் எக்ஸிபிட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அடிக்குறிப்பைத் தாண்டக் கூடாது.

எக்ஸிபிட்டில் நாம் வழுக்கி விழும் இடங்கள் மூன்று. ஒன்று, 'ஆயிரங்களில்' என்று தலைப்பில் இருக்கும். 1,250,000 என்று பார்த்ததும் பன்னிரண்டரை லட்சம் என்று நம் மூளை வாசிக்கும். உண்மையில் அது 125 கோடி டாலர். மனசுக்குள் லட்சம், கோடிக்கு மாற்றாமல் மில்லியன், பில்லியனிலேயே கணக்குப் போடப் பழகுங்கள். இரண்டு, நிதியாண்டு. வால்மார்ட்டின் ஆண்டு ஜனவரி 31-ல் முடிகிறது, ஆப்பிளுடையது செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. 'நிதியாண்டு 2012' என்று வால்மார்ட் சொன்னால் அதில் பெரும்பகுதி 2011 தான். இரண்டு கம்பெனிகளை ஒப்பிடும் அட்டவணையில் இதைக் கவனித்துச் சொன்னாலே ஒரு நல்ல கருத்தாகிவிடும். மூன்று, தேதி. 7/12 என்றால் அங்கே ஜூலை 12. அதை டிசம்பர் 7 என்று படித்தால் சம்பவங்களின் வரிசையே தலைகீழாகும்.

ஜூலை 12 என்றதும் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2011-ல் அந்தத் தேதியில்தான் நெட்ஃபிளிக்ஸ் தன் விலையைப் பிரிப்பதாக அறிவித்தது. அதுவரை 9.99 டாலருக்கு, தபாலில் ஒரு சமயத்தில் ஒரு டிவிடி, கூடவே அளவில்லாத ஸ்ட்ரீமிங். இனி டிவிடிக்குத் தனியாக 7.99, ஸ்ட்ரீமிங்குக்குத் தனியாக 7.99, இரண்டும் வேண்டுமென்றால் 15.98. கேஸ் அந்த அறிவிப்புக்கு முந்தைய வாரத்தில் நின்று, "நெட்ஃபிளிக்ஸின் அப்போதைய தலைமை நிர்வாகி ரீட் ஹேஸ்டிங்ஸ் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்பதாக வைத்துக்கொள்வோம்.

வகுப்பில் பத்துக்கு எட்டுப் பேர் "60 சதவீத விலை உயர்வு, வாடிக்கையாளர்கள் ஓடிவிடுவார்கள்" என்பார்கள். அது கணக்கல்ல, பயம். உட்கார்ந்து நான்கு வரி போடுங்கள். 100 வாடிக்கையாளர்கள். இப்போதைய வருமானம் 999 டாலர். எல்லோரும் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால் 799. அதாவது 200 டாலர் பள்ளம். இரண்டையும் வைத்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் கூடுதலாக 7.99 தருகிறார். 200-ஐ 7.99-ஆல் வகுத்தால் 25. ஆக, நூற்றுக்கு 25 பேர் இரண்டையும் வைத்துக்கொண்டால் போதும், வருமானம் பழைய இடத்துக்கு வந்துவிடும். (துல்லியமாகப் பார்த்தால் 998.75. கால் டாலர் குறைகிறது, விட்டுவிடலாம்.) 5 பேர் மொத்தமாக விலகிப் போனால்? அந்த 25 என்பது 30 ஆகிறது, அவ்வளவுதான். விலகும் ஒவ்வொருவருக்கும் இரண்டையும் வைத்துக்கொள்பவர் ஒருவர் கூடுதலாக வேண்டும். இந்த ஒரு வாக்கியம்தான் அந்த இரவின் விளைச்சல். எக்ஸெல்லில் நாற்பது வரி மாடல் கட்டத் தேவையில்லை, கட்டினால் வகுப்பில் அதை யாருக்கும் சொல்லவும் முடியாது.

கணக்கு முடிந்ததும் அதன் ஓட்டையை நீங்களே எழுதி வைக்க வேண்டும். ஸ்ட்ரீமிங் மட்டும் என்ற 7.99 டாலர் திட்டம் 2010 நவம்பரிலேயே வந்துவிட்டது. அதனால் எல்லோரும் 9.99 கட்டியவர்கள் இல்லை. அதே நவம்பரில்தான் டிவிடியும் ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்த திட்டம் 8.99-லிருந்து 9.99 ஆனது. எட்டு மாதத்தில் இரண்டாவது அடி என்றால், விலகுவோர் கணக்கு 5 பேரிலேயே நிற்குமா என்று கேட்கலாம். இந்த ஓட்டையை வேறு யாரோ சுட்டிக்காட்டும் முன் நீங்கள் சொன்னால் அது மதிப்பு, அவர்கள் சொன்ன பிறகு ஒப்புக்கொண்டால் அது சமாளிப்பு.

பிறகு செலவுப் பக்கம். டிவிடியை ஒரு முறை விலைக்கு வாங்கிவிட்டால், ஸ்டுடியோவைக் கேட்காமலே வாடகைக்கு விடலாம். அமெரிக்கப் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் 'முதல் விற்பனை' என்று ஒரு கோட்பாடு உண்டு, 1908-லேயே உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஸ்ட்ரீமிங்குக்கு அந்தச் சலுகை கிடையாது, ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் வேண்டும். டிவிடியில் செலவு ஒவ்வோர் உறைக்கும் போக, வர ஆகும் தபால். ஸ்ட்ரீமிங்கில் செலவு முன்கூட்டியே கட்டும் உரிமத் தொகை. டிவிடி வாடிக்கையாளர் போனால் தபால் செலவு மிச்சம். ஸ்ட்ரீமிங் வாடிக்கையாளர் போனால் உரிமச் செலவு அப்படியே நிற்கும், வருமானம் மட்டும் போகும். ஒரே பில்லில் கட்டப்பட்டிருந்தாலும் இவை இரண்டும் வேறு வேறு வியாபாரம். விலையைப் பிரிக்கும் யோசனை எங்கிருந்து வந்தது என்பது இதைப் பார்த்த பிறகுதான் விளங்கும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பின்னால் என்ன நடந்தது என்று கூகுளில் தேடி வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போகாதீர்கள். நேர்மைப் பிரச்சினை ஒருபுறம் இருக்கட்டும், விடை தெரிந்தவுடன் மூளை கணக்குப் போடுவதை நிறுத்திவிடும். நெட்ஃபிளிக்ஸில் நடந்தது தெரிந்த கதை. செப்டம்பரில் டிவிடிப் பிரிவுக்கு 'க்விக்ஸ்டர்' என்று பெயர் வைத்துத் தனி இணையதளம் என்றார்கள், அக்டோபர் 10-ல் அதைக் கைவிட்டார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் அமெரிக்காவில் 8 லட்சம் வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். ஜூலையில் 300 டாலரை ஒட்டியிருந்த பங்கு, அக்டோபர் இறுதிக்குள் 80-க்குக் கீழே. இதை வைத்து "விலையைப் பிரித்தது தவறு" என்று வகுப்பில் முழங்குபவருக்குப் பேராசிரியர் அடுத்த எண்ணைக் காட்டுவார். செப்டம்பர் இறுதியில் இருந்த சுமார் 2.38 கோடி அமெரிக்க வாடிக்கையாளர்களில் ஸ்ட்ரீமிங் வைத்திருந்தவர்கள் 2.14 கோடி, டிவிடி வைத்திருந்தவர்கள் 1.39 கோடி. கூட்டிக் கழித்தால் 1.15 கோடிப் பேர் இரண்டையும் வைத்திருந்தார்கள், ஏறத்தாழ பாதி. தேவைப்பட்டது 25 சதவீதம். விலைக் கணக்கு தேறிவிட்டது. அடி விழுந்தது அதைச் சொன்ன விதத்திலும், ஒரு வீட்டுக்கு இரண்டு இணையதளம், இரண்டு பில் என்று குழப்பியதிலும்தான். முடிவு கெட்டது என்பதால் கணக்கும் கெட்டது என்று ஆகாது.

இனி வகுப்பு. 80 நிமிடம், 90 பேர் வரை. ஆளுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது. முதல் கேள்வி பெரும்பாலும் 'கோல்ட் கால்'. கை தூக்காத ஒருவரைப் பெயர் சொல்லி எழுப்பி, "என்ன செய்யலாம்?" என்பார்கள். அதற்கென்று 90 விநாடிக்கு ஒரு தாளில் நான்கு வரி எழுதி வையுங்கள்: என் முடிவு, அதற்கான ஒரு எண், நான் நம்பிக்கொண்டிருக்கும் ஒரு அனுமானம், எது மாறினால் என் முடிவு மாறும். முடிவை முதலில் சொல்லுங்கள். பின்னணி, வரலாறு, சூழல் என்று சுற்றி வளைத்துக் கடைசியில் முடிவுக்கு வருவது நம் கட்டுரைப் பழக்கம். அங்கே இருபதாவது விநாடியிலேயே கண்கள் வேறு பக்கம் போய்விடும்.

கோல்ட் கால் வராத நாட்களில், முதல் 25 நிமிடத்துக்குள் ஒரு தடவை பேசிவிடுங்கள். முழுதாகத் தெளிவான பிறகு பேசலாம் என்று காத்திருந்தால், நீங்கள் வைத்திருந்ததை வேறொருவர் சொல்லிவிடுவார். அப்போது "நானும் அதையேதான் நினைத்தேன்" என்பதற்கு மதிப்பெண் கிடையாது. முன்னவர் பெயரைச் சொல்லி, அவர் கருத்தில் எந்த இடத்தில் உடன்பாடு, எந்த எண்ணில் வேறுபாடு என்று தொடர்வதற்குத்தான் உண்டு. நேருக்கு நேர் மறுப்பது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. வகுப்பில் உங்களை வறுத்தெடுத்தவர், மதியம் உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அதை மனசில் வைத்துக்கொண்டு முறைத்துக்கொண்டிருப்பது நாம் மட்டும்தான்.

விளையாட்டு மொழி ஒரு தனிச் சங்கடம். அமெரிக்க ஃபுட்பாலில் பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்பு. மூன்றில் முடியாவிட்டால், நான்காவதில் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் கொடுத்துவிடுவார்கள், அது 'பண்ட்'. ஆகவே "பண்ட் செய்யலாம்" என்றால் இப்போதைக்கு முடிவைத் தள்ளிப்போடு என்று பொருள். 'ஹெயில் மேரி' கடைசி நொடியில் சாமி மேல் பாரத்தைப் போட்டு வீசும் நீளப் பந்து, வேறு வழியில்லாத சூதாட்டம். 'பால்பார்க்' பேஸ்பால் மைதானம், தோராய மதிப்பு என்று அர்த்தம். இவை புரிந்தால் போதும். நீங்களும் பயன்படுத்த வேண்டியதில்லை, அரைகுறையாகப் பயன்படுத்தினால் சிரிப்பாகிவிடும்.

பரீட்சையும் ஒரு கேஸ்தான், புதியது, சாதாரணமாக மூன்று அல்லது நான்கு மணி நேரம். நான்கு மணி நேரமென்றால் ஒரு மணி நேரம் படிக்க, 40 நிமிடம் கணக்குக்கு, 20 நிமிடம் பதிலின் எலும்புக்கூட்டுக்கு. மீதி எழுத, கடைசி 15 நிமிடம் எண்களைச் சரிபார்க்க. மதிப்பெண் போகும் இடம் எப்போதும் ஒன்றுதான். கேஸில் இருக்கும் கதையை முதல் ஒன்றரைப் பக்கத்துக்குத் திரும்ப எழுதுவது. திருத்துபவருக்கு அந்தக் கேஸ் மனப்பாடம். முதல் வரியிலேயே பரிந்துரை, இரண்டாவது வரியில் எண். எடுத்துக்கொள்ளாத வழியை ஏன் விட்டீர்கள் என்று குறைந்தது ஒரு பத்தி. நிறையப் பேர் எழுத மறப்பது திங்கட்கிழமை வேலை: பரிந்துரையை யார், எந்த வரிசையில், எவ்வளவு பணத்தில் செய்வது. சொல் வரம்பு நெருக்கினால் அறிமுகத்தை வெட்டுங்கள், இந்தப் பத்தியை வெட்டாதீர்கள். கணக்குத் தாளை இணைப்பாகச் சேர்க்க அனுமதி இருந்தால், அலகை ஒவ்வொரு நிரலின் தலையிலும் எழுதுங்கள். மில்லியனா, ஆயிரமா என்று திருத்துபவர் தேட வேண்டி வந்தால், சரியான விடைக்கும் மதிப்பெண் குறையும்.