கிணற்று நீருக்கு ஏற்ற சிக்லிட்: கிளிநொச்சித் தொட்டிக் குறிப்புகள்

2024 ஜனவரி 28

கேத்தலின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பு படிகிறதா? அந்தக் கிணற்றில் இருப்பது வன்னீர். சிக்லிட் குடும்ப மீன்களில் எதை வளர்ப்பது என்ற தெரிவில் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும். டிஸ்கஸ், ராமிரேசி இரண்டும் மென்னீர் மீன்கள், விட்டுவிடலாம். வன்னீருக்கு ஏற்றவை ஆபிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்கள். அவற்றுக்கு பிஎச் (நீரின் அமில, கார அளவு) 7.8 முதல் 8.6 வரை வேண்டும். அள்ளிய கையோடு அளந்தால், கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டால் பிஎச் குறைத்துக் காட்டும். வாளியில் காற்றுக்கல் போட்டு ஓர் இரவு விட்டு அளக்க வேண்டும்.

பெப்ரவரி 3

தொட்டி 4 × 1½ × 1½ அடி, ஏறத்தாழ 250 லீற்றர். முதலில் ரெஜிபோம் தகடு, அதன்மேல் கருங்கல், கடைசியாகத்தான் மணல். மலாவிச் சிக்லிட்கள் மணலைத் தோண்டும் மீன்கள். மணல்மேல் கல்லை அடுக்கினால் சரிந்து கண்ணாடி உடையும்.

பெப்ரவரி 10

மீன் விட அவசரம் கூடாது. மீன் கழிவிலிருந்து அமோனியா வரும். பிஎச் 7இல் மொத்த அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. 8.4இல், 30 பாகைச் சூட்டில், ஆறில் ஒரு பங்கு நச்சு. வடிகட்டியில் பற்றீரியா பெருகி, அமோனியாவும் அதிலிருந்து உருவாகும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்ட நாலு முதல் ஆறு கிழமை பிடிக்கும்.

மார்ச் 17

யெலோ லாப், ரஸ்ரி, அசெய்: மலாவிச் சிக்லிட்களில் சாதுவான மூன்று இனம், நிறத்திலும் வேறுவேறு. சவுலோசி என்ற இன்னொரு மலாவி இனத்தின் பெண்ணும் மஞ்சள் என்பதால் அதை யெலோ லாப்போடு சேர்ப்பதில்லை. கலப்புக் குஞ்சு வரும். ஓராட்டஸ் அழகுதான், ஆனால் ஆண் வளர்ந்ததும் மற்றதுகளைக் கடித்தே கொல்லும். ஒஸ்கார் 30 சென்ரிமீற்றர் வளரும், இந்தத் தொட்டிக்கு ஆகாது. குஞ்சில் ஆண் பெண் தெரியாது. இனத்துக்கு ஆறாக வாங்கி, பிறகு ஓர் ஆணுக்கு மூன்று நாலு பெண் இருக்கும்படி மிச்ச ஆண்களை எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவது நல்லது, முந்தி வந்தது இடம் பிடிக்காது. தீனி ஸ்பைருலினா என்ற பாசித் தீனி. மாட்டிதயம் கொடுத்தால் வயிறு வீங்கி, வெள்ளை நூலாகக் கழிந்து, சாப்பாட்டை விட்டுவிடும்.

இரணைமடுக் குளத்துத் திலாப்பியாவும் சிக்லிட்தான், 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க இனம். அதன் குஞ்சைத் தொட்டியில் விடவும் கூடாது, தொட்டி மீனைக் குளத்தில் விடவும் கூடாது.

ஏப்ரல் 21

தண்ணீர் 30 பாகையைத் தாண்டினால் ஒட்சிசன் குறையும். நீர்மட்டத்தை இரண்டு அங்குலம் இறக்கினால் வடிகட்டித் தண்ணீர் விழுந்து கலக்கும். தீனியையும் பாதியாக்க வேண்டும். ஆவியான அளவுக்கு மழைநீரே விட வேண்டும், கிணற்று நீரை விட்டால் உப்பு ஏறிக்கொண்டே போகும். கிழமைக்கு 30 வீதம் மாற்றும்போது மட்டும் கிணற்று நீர். கரண்ட் பல மணிநேரம் நின்றால், வடிகட்டிப் பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டே மறுபடி ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே அழுகிய தண்ணீர் அப்படியே மீனிடம் போகும்.